கோத்தகிரி சோலைக்கிளியும் கொடைக்கானல் சோலைக்கிளியும் வேறு வேறு சிற்றினமாம். யார் பிரித்தது, எதை வைத்து?

மலைமுகடு

ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சோலைக்காட்டு ஓடையோரம் முதல்முறையாகச் சோலைக்கிளியைப் பார்த்தேன். பெயரில்தான் கிளி, ஆள் சிட்டுக்குருவி அளவு, கருநீலம், நீளமான கால், புதருக்கடியில் தரையோடு தரையாக ஓடும். நாலு வருஷம் கழித்துக் கொடைக்கானலில் இன்னொன்று. அப்போது என் கையிலிருந்த பழைய கையேட்டில் இரண்டு மலைக்கும் சேர்த்து ஒரே பெயர்தான், அதனால் என் கணக்கிலும் ஒன்றுதான். போன வாரம் பழைய பட்டியல்களை எல்லாம் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஊர் பெயரைக் கொடுத்ததும் கோத்தகிரிக்காரன் நீலகிரிச் சோலைக்கிளி, கொடைக்கானல்காரன் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்று இரண்டாக எண்ணிவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழவேயில்லை, ஒரு பறவை கூடிவிட்டது.

சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளியில் படித்தது நினைவிருக்கிறது: இரண்டு உயிர் சேர்ந்து, பிறக்கும் குட்டிக்கும் குட்டி பிறந்தால் ஒரே சிற்றினம். குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதை மலடு, ஆகவே அவை வேறு வேறு. சரி, இந்த இரண்டு சோலைக்கிளியையும் யாராவது ஒரே கூண்டில் விட்டுப் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் எதை வைத்துப் பிரித்தார்கள்?

கடுகு

உட்கார்ந்த இடத்தில் பறவை கிடைத்திருக்கிறது, வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போடாமல் கேள்வி வேறயா உங்களுக்கு?

கரும்பலகை

நான் விலங்கியல் வாத்தியார், இருபது வருஷமாக அந்தக் கோவேறு கழுதையைப் பாடம் நடத்திக்கொண்டிருப்பவன், அதனால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நீங்கள் படித்த வரையறை எர்ன்ஸ்ட் மையர் என்ற உயிரியலாளர் 1942-ல் எழுதியதன் சுருக்கம். சுருக்கும்போது முக்கியமான ஒன்று விழுந்துவிட்டது. மையர் சொன்னது தனித்தனி விலங்குகளைப் பற்றி அல்ல, இயற்கையில் வாழும் கூட்டங்களைப் பற்றி. தங்களுக்குள் இனக்கலப்பு செய்துகொள்கிற, அல்லது செய்யக்கூடிய, மற்ற கூட்டங்களோடு அப்படிக் கலக்காத கூட்டங்கள் என்றார். கூண்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. சிங்கத்தையும் புலியையும் ஒரே கூண்டில் வளர்த்தால் குட்டி பிறக்கும், அந்தப் பெண் குட்டி சில சமயம் தானும் ஈனும். அதற்காகச் சிங்கமும் புலியும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. வாய்ப்பு இருந்த இடங்களில் அவை கலந்து ஒன்றாகிவிடவில்லை, அதுதான் கணக்கு. கோவேறு கழுதையிலும்கூட எப்போதாவது ஒன்று ஈன்றதாகப் பதிவு இருக்கிறது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, நடுவில் பிறந்ததற்கு 63. ஒற்றைப்படை ஆனதால் விந்தும் முட்டையும் உருவாகும்போது ஜோடி சேர முடியாமல் திண்டாடுகின்றன.

உங்கள் சோலைக்கிளிக்கு வருவோம். மையர் வரையறையின் பலவீனமே அங்கேதான். "செய்யக்கூடிய" என்ற ஒரு சொல்லை உள்ளே போட்டுவிட்டார். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத தூரத்தில் இருந்தால், சந்தித்தால் என்ன ஆகும் என்பதை யார் பார்ப்பது? ஆகவே அங்கே வேறு சான்றுகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இறகு நிறம், கால், அலகு அளவு, பாட்டு, மரபணு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைச் செய்தவர்கள் ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் அடங்கிய குழு. (ஆமாம், பறவையின் பெயரேதான், ராபின்.) 2017-ல் அவர்கள் கட்டுரை வந்தபோது பிரிந்தது சிற்றினம் மட்டும் இல்லை, சிற்றினங்களை அடக்கும் மேல் பிரிவான பேரினத்தையே புதிதாக வைத்தார்கள். நம் சோலை என்ற சொல்லை வைத்தே 'சோலிகோலா'.

வேடிக்கை என்னவென்றால், 1800-களில் இந்த இரண்டு பறவைகளையும் முதலில் விவரித்தவர்கள் தனித்தனிப் பெயர்தான் வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் ஒன்றாக்கினார்கள். இப்போது மறுபடியும் இரண்டு. அகத்தியமலையில் இருக்கும் கூட்டத்துக்கு 2017-ல் மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது. அதைத் தனிச் சிற்றினமாக எண்ணுவதா, கிளையினமாக வைப்பதா என்பதில் பறவைப் பட்டியல் போடுகிற பட்டியல்காரர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

பொள்ளாச்சிக்காற்று

ஒரு விஷயம் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். நான் அதன் வாயிலேயே குடியிருக்கிறேன். மொத்தம் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் சம்பந்தம், பெண் எடுத்திருப்பார்கள், இல்லை கொடுத்திருப்பார்கள். ஆடி மாசம் அந்த வழியாக வருகிற காற்று கூரையைப் பிய்க்கும். மனுஷன் போகிறான், காற்று போகிறது, ரயில் போகிறது, இறக்கை உள்ள ஒரு பறவைக்குப் போக முடியாதா?

நீர்க்கோலி

பொள்ளாச்சி அண்ணா, இறக்கை இருப்பது வேறு, போகிற பழக்கம் இருப்பது வேறு. இந்தப் பறவையை நேரில் பார்த்தால் புரியும். மூன்று நாள் ஒரே ஓடையோரம் உட்கார்ந்திருக்கிறேன். அது அந்தப் புதர், அந்த ஈரம், அந்த இருட்டு, அதை விட்டு வெளிச்சத்துக்கு வந்ததே இல்லை. நடைபாதையைக் கடக்கவே நாலு தரம் எட்டிப் பார்க்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலே குளிர்ந்த சோலைதான் அதற்கு உலகம். கணவாயின் தரை கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடிதான் இருக்கும், வெயில், வயல், தென்னந்தோப்பு. நமக்கு அது வழி, அதற்கு அது மதில். மலையுச்சிச் சோலைகளை வானத்துத் தீவுகள் என்று சொல்வது இதனால்தான். கடலுக்குப் பதில் சூடு சூழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே கணவாய்க்குத் தெற்கே இன்னொரு சின்னக் கணவாய், செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவு. அகலத்தில் பாலக்காட்டின் கால்வாசிகூட வராது. அதற்குத் தெற்கேதான் வாத்தியார் சொன்ன அகத்தியமலைக் கூட்டம். சிரிப்பான் என்ற மலைப் பறவைகளிலும் இதே கதைதான்: நீலகிரிக்கு ஒன்று, பழனி மலைக்கு ஒன்று, அகத்தியமலைக்கு ஒன்று, வயநாட்டு பாணாசுர மலைக்கு ஒன்று.

பொள்ளாச்சிக்காற்று

அப்போ யானை?

நீர்க்கோலி

நல்ல கேள்வி, நான் அதற்குத்தான் வந்தேன். யானைகளின் மரபணுவையும் பார்த்திருக்கிறார்கள். கணவாய்க்கு வடக்கே நீலகிரி யானைகளுக்கும் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளுக்கும் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் யாரும் அவற்றை இரண்டு சிற்றினம் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஒரே மதில்தான். ஒருவருக்கு அது பல லட்சம் வருஷமாகத் தாண்ட முடியாத கோட்டைச்சுவர், இன்னொருவருக்கு முட்டிக்கால் உயரத்து வேலி. வேலிக்கு இரு பக்கமும் உறவு குறைந்திருக்கிறது, அறுந்துவிடவில்லை.

சும்மாஒருகேள்வி

மன்னிக்கவும், நடுவில் நுழைகிறேன். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒருத்தர் ஒன்று என்கிறார், அடுத்தவர் இரண்டு என்கிறார், மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு, இப்போது மூன்றாம். ஆளுக்கொரு வரையறை. இதற்குப் பேர் அறிவியலா? வரையறையே தெரியாமல் புதிது உருவானது என்று எப்படிச் சொல்வீர்கள்? யாராவது புதுச் சிற்றினம் உருவாவதைக் கண்ணால் பார்த்தார்களா? எல்லாம் பல லட்சம் வருஷம், பல கோடி வருஷம் என்று சொல்லிவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது இல்லையா.

பருத்திக்காட்டான்

கண்ணால் பார்க்க வேண்டுமா? எங்கள் ஊருக்கு வாங்க, செடியிலேயே காட்டுகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல். என் தாத்தா போட்டது கருங்கண்ணிப் பருத்தி. நாட்டுப் பருத்தி, மானாவாரி, குட்டை இழை, மருந்து அடிக்காமலே வரும். அப்பா காலத்தில் நீள இழை வேண்டும் என்று அமெரிக்கப் பருத்தி ரகங்களுக்கு மாறினார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது, இரண்டும் பூக்கும், வண்டு இரண்டிலும் உட்காரும். ஆனால் கலக்காது. நான் விவசாயக் கல்லூரியில் படித்தபோதுதான் ஏன் என்று தெரிந்தது. கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், அமெரிக்கப் பருத்திக்கு 52. கஷ்டப்பட்டுக் கையால் மகரந்தம் தடவிச் சேர்த்தால் 39 உள்ள செடி வரும். நன்றாகத் தழைக்கும், பூக்கும், காய் மட்டும் பிடிக்காது. வாத்தியாரின் கோவேறு கழுதை எங்கள் காட்டில் பச்சையாக நிற்கும்.

இதில் சுவாரசியம் எங்கே என்றால், அந்த 52 எப்படி வந்தது என்பதில். அமெரிக்கப் பருத்திக்குள்ளே இரண்டு பருத்தி இருக்கிறது. பாதி நம் பழைய உலகப் பருத்தியின் சாடையில் உள்ள 26, மீதி பாதி தென்னமெரிக்கக் காட்டுப் பருத்தியின் சாடையில் உள்ள 26. சுமார் 10 முதல் 20 லட்சம் வருஷத்துக்கு முன்னால் இரண்டும் எப்படியோ கலந்து, பிறந்த மலட்டுச் செடியில் குரோமோசோம் மொத்தமும் இரட்டித்துவிட்டது. இரட்டித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிட்டது, மலடு நீங்கிவிட்டது. ஆனால் இனி தாயோடும் சேராது, தகப்பனோடும் சேராது. புதுச் சிற்றினம் உருவாக லட்சம் வருஷம் தேவையில்லை சார், ஒரு தலைமுறையே போதும். கோதுமையும் இப்படி வந்ததுதான், 42 குரோமோசோம், மூன்று புல் வகைகளின் கூட்டுக் குடும்பம்.

அப்புறம் ஒரு கொசுறு. அமெரிக்கப் பருத்தியையும் எகிப்துப் பருத்தி வகையையும் சேர்த்தால், இரண்டுக்குமே 52 என்பதால், முதல் தலைமுறை அமோகமாக வரும். வரலட்சுமி என்று 1972-ல் தார்வாட்டில் வெளியிட்ட கலப்பினம் அப்படிப்பட்டதுதான். ஆனால் அந்தச் செடியின் விதையை எடுத்து வைத்து அடுத்த வருஷம் விதைத்தால் தெரியும் சேதி. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று சவலை, பாதி காய்க்காது. எங்கள் சித்தப்பா ஒருமுறை விதைக்காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அப்படி விதைத்துவிட்டு, அந்த வருஷம் முழுக்க யாரோடும் பேசவில்லை. இப்போது சொல்லுங்கள் வாத்தியாரே, பிள்ளை நன்றாக இருக்கிறது, பேரப்பிள்ளை மட்டும் சவலை. இது ஒரு சிற்றினமா, இரண்டா?

கரும்பலகை

இரண்டு. ஆனால் உங்கள் சித்தப்பாவின் மௌனத்துக்கு விளக்கம் கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் சிற்றினம் பிரிவதன் சூட்சுமமே அதில் இருக்கிறது.

சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிக்கு இரண்டு பெண்கள், ஒரே பக்குவம், பருப்பிலும் கொஞ்சம் உப்பு, புளிக்கரைசலிலும் கொஞ்சம் உப்பு. பெரியவள் கல்யாணமாகிப் போன வீட்டில் நாளாவட்டத்தில் உப்பு முழுவதையும் பருப்பிலேயே போடும் வழக்கம் வந்துவிட்டது. சின்னவள் வீட்டில் முழுவதையும் புளிக்கரைசலில். இரண்டு வீட்டிலும் சாம்பார் பிரமாதம், குறை சொல்ல ஆளில்லை. மூன்று தலைமுறை கழித்து ஒரு விசேஷம். பருப்பு பெரியவள் வழிப் பேத்தி, புளி சின்னவள் வழிப் பேத்தி. வாயில் வைக்க முடியாத உப்பு. மாற்றிப் பிடித்தால் உப்பே இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை. இரண்டு மாற்றமும் அந்தந்த வீட்டில் கெடுதல் இல்லாதவை. ஒன்றுசேரும்போதுதான் வினை. மரபணுக்களில் இது நடப்பதைத்தான் டோப்ஷான்ஸ்கி, முல்லர் என்ற மரபியலாளர்கள் விளக்கினார்கள். பருத்தியில் முதல் தலைமுறையில் இரண்டு வீட்டுப் பக்குவமும் முழுசாக ஒவ்வொரு படி இருப்பதால் சமாளித்துவிடுகிறது, அடுத்த தலைமுறையில் சீட்டைக் குலுக்கிப் போட்டதும் பருப்பு ஒரு வீட்டிலிருந்தும் புளி இன்னொரு வீட்டிலிருந்தும் வந்து மாட்டிக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது: மலடாக்க வேண்டும் என்று எந்தச் சக்தியும் வேலை செய்யவில்லை. கூட்டங்கள் பிரிந்திருந்தன, அவரவர் பாட்டுக்கு மாறினார்கள், பொருந்தாமை தானாக வந்து சேர்ந்தது.

சும்மாஒருகேள்வி

பருத்தி புரிகிறது, சாம்பாரும் புரிகிறது. ஆனால் செடி வேறு, விலங்கு வேறு. விலங்கில் யாராவது பார்த்தார்களா என்றுதான் கேட்டேன்.

நீர்க்கோலி

பார்த்தார்கள். கலாபகோஸ் தீவுகளில் டாஃப்னே மேஜர் என்று ஒரு குட்டித் தீவு, எரிமலை வாய், மரம்கூடச் சரியாகக் கிடையாது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் வருஷா வருஷம் அங்கே போய்க் கூடாரம் போட்டு, ஒவ்வொரு குருவிக்கும் காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து, யார் யாரோடு சேர்ந்தது, யாருக்கு யார் பிறந்தது என்று ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைத்தார்கள். 1981-ல் ஊருக்குப் புதிதாக ஓர் ஆண் குருவி வந்தது. பெரிய தலை, பெரிய அலகு, பாட்டு வேறு மாதிரி. பிற்பாடு மரபணு பார்த்ததில் அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் எஸ்பானோலா தீவிலிருந்து வந்த வேறு சிற்றினம் என்று தெரிந்தது. உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்தது. அந்தக் குருவிகளில் அப்பா பாடுவதைக் கேட்டுத்தான் பையன் பாடப் பழகுவான், பெண்ணும் அந்தப் பாட்டை வைத்துத்தான் மாப்பிள்ளை பார்க்கும். பிள்ளைகள் அப்பனின் அந்நியப் பாட்டைப் பாடின. உள்ளூர்ப் பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, சொந்தத்துக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். இடையில் 2003 முதல் 2005 வரை கொடும் வறட்சி, அந்த வம்சத்தில் மிஞ்சியது ஓர் அண்ணனும் தங்கையும் மட்டும். அவையே ஜோடி சேர்ந்து வம்சம் மீண்டும் பெருகியது. வந்தேறி வந்து மூன்று தலைமுறையில், ஒரே தீவில், சுற்றிலும் மற்ற குருவிகள் இருக்கும்போதே, தனியாக இணை சேர்கிற ஒரு கூட்டம். 2017-ல் கட்டுரையாக வெளிவந்தது.

இதற்கு முறைப்படி லத்தீன் பெயர் வைக்கவில்லை, நாளைக்கு ஒரு வறட்சியில் மொத்தமும் போகலாம், இல்லை மற்றவற்றோடு கலந்து கரையலாம். ஆனால் நீங்கள் கேட்டது இதைத்தானே, கண்ணால் பார்த்தார்களா என்று.

சும்மாஒருகேள்வி

குருவி குருவியாகத்தானே இருக்கிறது?

கடுகு

மூன்று தலைமுறையில் மயிலாகி இருக்க வேண்டுமா, என்ன அவசரம்?

கரும்பலகை

கடுகு, கொஞ்சம் பொறுங்கள், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. குருவி குருவியாகத்தான் இருக்கும். சிற்றினம் பிரிவது என்பது ஒரு நதி இரண்டு வாய்க்காலாகப் பிரிவது மாதிரி. பிரிந்த இடத்தில் நின்று பார்த்தால் இரண்டிலும் அதே தண்ணீர்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இனித் தண்ணீர் பாயாது என்பது மட்டுமே அங்கே நடந்த சம்பவம். ஒன்று உப்பளத்துக்கும் ஒன்று நெல் வயலுக்கும் போய்ச் சேர்வது பிற்பாடு.

ஆப்பிள் ஈ என்று ஒன்று உண்டு, அமெரிக்காவில். அதன் முன்னோர் ஹாதார்ன் என்ற முள்மரத்தின் பழத்தில் முட்டையிட்டவை. வெள்ளைக்காரர்கள் ஆப்பிளைக் கொண்டுபோய் நட்டார்கள், 1860-களில் சில ஈக்கள் ஆப்பிளுக்கு மாறின. இந்த ஈக்கள் எந்தப் பழத்தில் முட்டையிடுமோ அந்தப் பழத்தின் மேலேயேதான் இணை சேரும். ஆப்பிள் மூன்று நாலு வாரம் முன்னதாகப் பழுக்கும். ஈ பறந்து திரியும் காலமே மாசக்கணக்குதான். ஆக ஆப்பிள்காரர்கள் கடையைக் கட்டும்போதுதான் முள்மரக்காரர்கள் கடையைத் திறக்கிறார்கள். நடுவில் மலை இல்லை, கணவாய் இல்லை, இரண்டு மரமும் ஒரே தோட்டத்தில் நிற்கலாம். இப்போதும் தலைமுறைக்கு 4 முதல் 6 சதவீதம் கலப்பு நடக்கிறது. ஒரு சிற்றினமா, இரண்டா? பாதிவழியில் நிற்கிறது. அந்த ஈயின் புழுவைத் தின்று வாழும் ஒரு சிறு குளவியும் ஈயின் பின்னாலேயே இரண்டாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

பருத்திக்காட்டான்

நம் பக்கம் இப்படி மழையை வைத்துப் பிரிந்தது ஏதாவது உண்டா? கேரளத்துக்கு ஜூனில் பெய்கிறது, எங்களுக்கு ஐப்பசியில்தான்.

நீர்க்கோலி

பாதாளத் தவளை. வருஷம் பூராவும் மண்ணுக்கடியில் கிடந்து, மழையோடு மழையாகச் சில நாள் மட்டும் வெளியே வந்து இணை சேர்கிற ஊதா நிறக் குண்டு. 2003-ல் முதலில் விவரித்தது மேற்குச் சரிவுத் தவளை. 2017-ல் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டாவது சிற்றினத்தை விவரித்து, மறைந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒரே மலையின் இரண்டு முதுகு. மேற்கே தென்மேற்குப் பருவமழை, கிழக்கே பெரிய மழை வடகிழக்கில்தான். சில நாள் மட்டுமே வெளியே வருகிற பிராணிக்கு மழைக்காலம் தள்ளிப் போனால் கல்யாணமும் தள்ளித்தானே போகும்?

பருத்திக்காட்டான்

அட, எங்கள் மாவட்டத்துத் தவளை! அப்புறம் இன்னொன்று, மாட்டை மறந்துவிட்டோமே. காங்கேயம் மாட்டுக்கும் ஜெர்சிக்கும் லத்தீன் பெயர் வேறு வேறாகப் போட்டிருக்கிற புத்தகங்கள் உண்டு, ஆனால் தெருவுக்குத் தெரு கலப்பின மாடு கட்டியிருக்கிறோம், ஒன்றும் மலடு இல்லை.

கரும்பலகை

மாட்டு விஷயத்தில் புத்தகங்களே சண்டைதான், சிலர் ஒரே சிற்றினத்தின் இரண்டு கிளை என்பார்கள், நான் அந்தக் கட்சி. காங்கேயம், உம்பளச்சேரி இதெல்லாம் வளர்ப்பினம். நாம் எல்லாவற்றுக்கும் 'இனம்' என்ற ஒரே வார்த்தையைப் போட்டு அடிப்பதால் வருகிற குழப்பம் பாதி.

புதியவன்91

பாக்டீரியாவுக்கு ஆண் பெண்ணே கிடையாதே, அங்கே மையர் என்ன செய்வார்?

கரும்பலகை

மையர் வாசலோடு திரும்பிவிடுவார். அங்கே மரபணுத்தொகுதி சுமார் 95 சதவீதம் ஒத்துப்போனால் ஒரே சிற்றினம் என்று ஒரு நடைமுறைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பாக்டீரியாக்கள் மரபணுவைக் கைமாற்றிக்கொள்கிற கதை தனி. அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இங்கே இழுத்தால் சோலைக்கிளி ஓடிவிடும்.

பொள்ளாச்சிக்காற்று

இரவெல்லாம் இதைப் படித்துவிட்டு எனக்கு ஒன்று தோன்றியது, தப்பாக இருந்தால் திருத்துங்கள். எங்கள் பக்கம் பேசுகிற தமிழும் பாலக்காட்டார் பேசுகிற மலையாளமும் ஒரு காலத்தில் ஒன்று. எந்த வருஷம், எந்தக் கிழமை பிரிந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? எந்தத் தாயும் தன் பிள்ளைக்குப் புரியாத மொழியில் தாலாட்டுப் பாடியதில்லை. ஆனாலும் இன்றைக்கு இரண்டு மொழி, அதில் சந்தேகம் இல்லை. கோடு எங்கே என்று சொல்ல முடியாததால் பிரிவே நடக்கவில்லை என்று ஆகிவிடாது இல்லையா. சும்மாஒருகேள்வி அவர்களுக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். பட்டியல்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள் என்றால், பாதிப் பிரிவில் நிற்பவையும் நிஜமாகவே வெளியே இருக்கின்றன என்று அர்த்தம். எல்லாம் ஒரே நாளில் தனித்தனியாகப் படைத்ததாக இருந்திருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது.

கரும்பலகை

இதை நாளைக்கு வகுப்பில் சொல்லப் போகிறேன், உங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன், மன்னியுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். மொழிகள் பிரிந்த பிறகும் வார்த்தை கடன் வாங்கும், உயிர்களும் அப்படியே. நியாண்டர்தால் மனிதர்களை நம்மிலிருந்து வேறு சிற்றினம் என்று எண்ணுகிறவர்கள் நிறைய, ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவியவர்களின் வழி வந்த எல்லாரிடமும், உங்களிடமும் என்னிடமும், சுமார் 2 சதவீதம் அவர்கள் சொத்து இருக்கிறது. பிரிந்தவை மறுபடி சேர்ந்துவிடவும் கூடும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சிக்லிட் மீன்கள் சில நூறு சிற்றினம். அந்த ஏரி சுமார் 15,000 வருஷத்துக்கு முன் வறண்டு கிடந்தது என்கிறார்கள், அதற்குப் பிறகு இவ்வளவும். பெண் மீன் நிறத்தைப் பார்த்துத்தான் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும், சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். கழிவும் மண்ணும் சேர்ந்து தண்ணீர் கலங்கிய இடங்களில் நிறம் தெரியவில்லை, அங்கே மங்கிய நிறத்தில் கலப்பு மீன்கள்தான் பெருகியிருக்கின்றன. 1997-ல் சீஹௌசன் குழுவினர் இதை எழுதினார்கள்.

நீர்க்கோலி

வட்டமாகப் பிரிந்த ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. பச்சைக் கதிர்க்குருவி. குளிர்காலத்தில் நம் பக்கம் வந்து புளியமரத்து இலைக்குள் உட்கார்ந்து 'ட்ஸ்வீ ட்ஸ்வீ' என்று உயிரை வாங்குமே, அதுதான். கோடையில் திபெத் பீடபூமியைச் சுற்றி மாலை போட்ட மாதிரி கூடு கட்டுகிறது. நடுவில் பீடபூமி மொட்டை, அங்கே இருக்க முடியாது. தெற்கே இமயமலையிலிருந்து ஒரு கை மேற்கு வழியாக வடக்கே போகிறது, இன்னொரு கை கிழக்கு வழியாக. பக்கத்துக்குப் பக்கம் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறுகிறது. ஆனால் சைபீரியாவில் இரண்டு கையும் மறுபடி சந்திக்கும் இடத்தில் ஒன்றின் பாட்டை மற்றது கண்டுகொள்வதே இல்லை. 2001-ல் டேரன் இர்வின் குழுவினர் இதைக் காட்டியபோது எல்லாப் பாடப்புத்தகத்திலும் ஏறியது. 2014-ல் அதே குழு முழு மரபணுத்தொகுதியைப் பார்த்து, மாலை இடையிடையே எப்போதோ அறுந்திருக்கிறது, கலப்பும் நடந்திருக்கிறது, நாங்கள் நினைத்த அளவு அழகான வட்டம் இல்லை என்று எழுதியது. தன் சொந்த மாலையைத் தானே பிரித்துக் காட்டியதற்காகவே எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும்.

சும்மாஒருகேள்வி

பொள்ளாச்சி சார் சொன்னது யோசிக்க வைக்கிறது. முழுவதும் ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எரிச்சல் பாக்கி இருக்கிறது: பிரிக்கிறவர்களுக்கு ஆதாயம் இல்லையா? புதுப் பெயர் வைத்தால் பேர் கிடைக்கும், நிதி கிடைக்கும். ஆப்பிரிக்க யானையை இரண்டாக்கினார்கள், ஒட்டகச்சிவிங்கியை நாலாக்கினார்கள், இப்படியே போனால் எங்கே நிற்கும்?

நீர்க்கோலி

இந்தக் குறை ஆய்வாளர்களுக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் ஒன்றும் அநியாயமாகக் கேட்கவில்லை. அற்ப வித்தியாசத்துக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஆனால் ஆப்பிரிக்கக் காட்டு யானையும் புல்வெளி யானையும் அப்படி இல்லை, பல லட்சம் வருஷப் பிரிவு. 2021-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் கணக்கிடும் சிவப்புப் பட்டியலில் இரண்டையும் தனித்தனியாக எண்ணியதும்தான் காட்டு யானை எவ்வளவு மோசமான நிலையில் இருக்கிறது என்று வெளியே தெரிந்தது. ஒன்றாக எண்ணியபோது புல்வெளி யானையின் எண்ணிக்கை அதை மறைத்துக்கொண்டிருந்தது. சோலைக்கிளியும் அதேதான். ஒரே பறவை, நாலைந்து மலையில் இருக்கிறது என்றால் பரவாயில்லை போலத் தெரியும். நீலகிரிக்காரன் தனி என்றால், அவனுக்கு மிஞ்சியது யூகலிப்டஸும் சீகை மரமும் தேயிலையும் தின்றது போக அங்கங்கே பள்ளத்தில் கிடக்கும் சோலைத் துண்டுகள் மட்டும்.

மலைமுகடு

இழையைத் தொடங்கிவிட்டு ஆளைக் காணோம் என்று நினைக்க வேண்டாம், எல்லாவற்றையும் படித்தேன். படித்துவிட்டு அக்கா வீட்டுப் பரணில் கிடந்த பழைய குறிப்பேடுகளைத் தேடி எடுத்தேன், கரையான் பாதி, நான் பாதி. 2003 கோத்தகிரிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'கருநீலம். விலாவும் அடிப்பக்கமும் செங்காவி. ஓடைக்கல் மேல் இரண்டு நிமிஷம்.' 2007 கொடைக்கானல் பக்கத்தில்: 'அதே பறவை. செங்காவி இல்லை, வயிறு வெள்ளை. பெண்ணாக இருக்குமோ?'

நீர்க்கோலி

சோலைக்கிளியில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும், மலைமுகடு.

மலைமுகடு

இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கையேட்டில் ஒரே பெயர் இருந்ததால் நானாக ஒரு பெண்ணை உண்டாக்கியிருக்கிறேன்.

கடுகு

அப்போ நாற்காலியில் உட்கார்ந்து வாங்கின பறவை இல்லை, 2007-லேயே நின்று பார்த்த பறவை. எண்ணிக்கொள்ளுங்கள். அகத்தியமலைக்கு எப்போது கிளம்புகிறோம்?